பதினாறு அடி பங்களா வண்டி

என் அக்காவின் கணவர் வாங்கிய வண்டியைப் பேரிகையில் எல்லோரும் பங்களா வண்டி என்றார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. லாரியின் முதுகில் ஒரு மரப்பெட்டியை ஏற்றி அதில் ஆறு ஜன்னல் வைத்துவிட்டால் அது பங்களா ஆகிவிடாது. மாமா இறந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அந்த வண்டியைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்ன கதை மட்டும் இன்னும் சாகவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய பேரன் ஒருவன் அதை எதிர் இலைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கதையில் வெள்ளைக்காரன் இருந்தான், தேக்குமரம் இருந்தது, வண்டிக்குள் பால் காய்ச்சியது இருந்தது. கதையில் என் அக்காவின் கால் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஓசூரில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பேரிகைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன்.

அக்கா விழுந்தது புரட்டாசி முதல் தேதி. பரணிலிருந்து புளிப்பானையை இறக்கிக்கொண்டு வந்தவள் ஒன்பது படி ஏணியில் ஆறாவது படியில் கால் தவறினாள். வலது தொடை எலும்பு முறிந்தது. பானை உடையவில்லை. அதை மாமா வந்தவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். கட்டுக் கட்டுகிற வைத்தியர் வந்து முட்டையும் உளுத்தமாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முப்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் வில்லாக வளைந்து கூடியிருந்தது. வைத்தியர் அதைத் தடவிப் பார்த்து, நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் காரில் வந்து பார்த்தார். மாமாவுக்குப் பட்டுக்கூட்டு வியாபாரத்தில் பழக்கமான ஒருவர் அழைத்து வந்தார். டாக்டர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். விழுந்த நாளிலிருந்து நூற்றிருபது நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் எலும்பை மறுபடி உடைத்து உள்ளே கம்பி கொடுத்து நேராக்கலாம். எவ்வளவு சீக்கிரம் வருகிறாளோ அவ்வளவு நல்லது. நாள் ஆக ஆக எலும்பு இறுகும், சதை சுருங்கும், கால் குட்டையாகும். நூற்றிருபதுக்கு மேல் போனால் அவர் தொடமாட்டார். கொண்டுவரும்போது நீட்டிப் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும்.

நூற்றிருபதாம் நாள் எது என்று உடனே பார்த்தேன். தை முதல் தேதி. கையில் எண்பத்தேழு நாள் இருந்தது.

ஒரு லாரி பிடித்து, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு மறுநாளே கொண்டுபோகலாம் என்று சொன்னேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில், நான் அவருடைய மனைவியைச் சந்தைக்கு அனுப்பச் சொன்னதுபோல இருந்தது. கோஸ் மூட்டை ஏற்றுகிற லாரியிலா என்றார். அவர் நாற்பத்திரண்டு ஏக்கர்காரர். எந்தச் சாமானையும் வாங்கினபடி வைத்துக்கொள்ள அவரால் முடியாது. அவருடைய சைக்கிளுக்கு மூன்று விளக்கு, இரண்டு மணி. பம்புசெட் கொட்டகைக்குச் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. ஒரு பொருள் தன் வேலையைச் செய்வது அவருக்குப் போதாது. பார்க்கிறவன் நின்று கேட்க வேண்டும்.

விழுந்த நாற்பத்தோராம் நாள் பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்தார் இருந்த பகுதியில், ஓர் ஏலத்தில் அந்த வண்டியை எடுத்துவிட்டு வந்தார். ஏரிகளையும் கால்வாய்களையும் மேற்பார்வை பார்த்துத் திரிந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் மனைவியோடு அதிலேயே குடியிருந்தானாம். அவன் கப்பலேறிப் போனபின் ஒன்பது வருஷம் ஒரு கிடங்கின் மூலையில் கிடந்தது. தேக்குச் சட்டம், தகரக் கூரை, இரண்டு படுக்கை, மடக்கு மேஜை, பதினொரு அலமாரி, கை கழுவத் தொட்டி, கடைசியில் திரைக்குப் பின்னால் ஒரு பீங்கான் கக்கூஸ். தரைப் பலகையைக் கரையான் தின்றிருந்தது. இன்ஜினில் ஆறு சிலிண்டர். அதில் உயிர் இருந்தது இரண்டுக்கு. ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மாமா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டி வருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மைசூர் எல்லையைத் தாண்டினதும் மதுவிலக்குப் போலீஸ் நிறுத்தியது. பதினொரு அலமாரியையும் திறக்கச் சொன்னார்கள். நான்கு திறக்கவில்லை. உடைத்தார்கள். ஒன்றில் இரண்டு காலி விஸ்கி பாட்டில் இருந்தன. அது வெள்ளைக்காரன் குடித்தது என்று நம்பவைக்க மாமாவுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த உடைந்த நான்கு கதவுகளைக்கூட அவர் பிற்பாடு பெருமையோடுதான் சொன்னார்.

வண்டியை ஓசூரில் ஒரு மோட்டார் கொட்டகையில் விட்டார்கள். மேஸ்திரி யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். பர்மா என்று சொல்லாமல் அவரால் ஒரு பேச்சு பேச முடியாது. ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் பதினான்கு பர்மா சொன்னதை எண்ணியிருக்கிறேன். பீடிச் சாம்பலைத் திறந்த இன்ஜினுக்கு மேலேயே தட்டுவார். இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் எனக்கு முழுதாக வெறுக்கக் கிடைக்காத ஆள் அவர் ஒருவர்தான். பிஸ்டன் வளையம் ஆறு சிலிண்டருக்கும் மாற்றினார். ரேடியேட்டரில் பதினேழு இடத்தில் ஈயம் பற்றவைத்தார். தீப்பொறி தருகிற மேக்னெட்டோவைப் பெங்களூருக்கு அனுப்பிக் கம்பி சுற்றி வரவழைத்தார். பிரேக் கம்பிகளைக் கழற்றித் துரு சுரண்டி, நீளம் பார்த்துத் திரும்ப மாட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் நான் போய் நிற்பேன். இன்று என்ன முடிந்தது, மீதி என்ன, எத்தனை நாள் என்று கேட்பேன். ஒருநாள் அவர், "வாத்தியாரே, நீங்க கேக்கற நேரத்துல ஒரு போல்ட்டு முடுக்கியிருப்பேன்" என்றார்.

அறுபத்தாறாம் நாள் இன்ஜின் ஆறு சிலிண்டரிலும் ஓடியது. மூக்கண்டப்பள்ளிவரைக்கும் ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தோம். இப்போது அங்கே ஆலைகளும் ஆலைக்காரர் குடியிருப்புகளும். அன்று இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை. வண்டி நேராக ஓடியது, நிறுத்தின இடத்தில் நின்றது. தரைப் பலகை மட்டும் பாக்கி. நான்கு பலகை போட்டு ஆணி அடித்தால் இரண்டு நாளில் அக்காவை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று மேஸ்திரி சொன்னார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மாமா தரைப் பலகைக்காகக் காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டி வந்தார். வீடு கட்டுகிற ஆசாரி. வண்டிக்கூடு கட்டுகிறவன் பெங்களூரில் இருந்தான். ஆனால் மாமாவின் வீட்டு நிலைக்கதவைச் செய்தவர் இவர். நிலைக்கதவு செய்யத் தெரிந்தவருக்கு வேறு எதுவும் தெரியும் என்பது மாமாவின் எண்ணம். ஆசாரி படியேறி உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, முதல் கேள்வியாக உள்கூடு எத்தனை அடி என்று கேட்டார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் வண்டி வந்த அன்றே நான் அளந்து வைத்திருந்தேன். நீளம் பதினான்கு, அகலம் ஆறு என்றேன்.

ஆசாரி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "ஆறு நல்லதுங்க. பதினாலு ஆவாது. பதினாலு நஷ்டம்."

மாமாவே கேட்டார், இது வண்டிதானே என்று. அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

"உள்ள படுப்பாங்களா?" என்றார் ஆசாரி.

"படுப்பாங்க."

"அடுப்பு வைப்பீங்களா?"

"வைப்போம்."

"அப்போ வூடுதானுங்களே. சக்கரம் இருந்தா மனையடி பாக்கக் கூடாதுன்னு எங்க இருக்குது?"

பதினைந்து ஆகுமா என்று மாமா கேட்டார். பதினைந்து காரியத்தடை. பதினாறு மிகுந்த செல்வம். பதினாறாக்க வேண்டும் என்றார் ஆசாரி. நான் குறுக்கே விழுந்தேன். இது நின்ற இடத்தில் நிற்கிற வீடு இல்லை, ஐம்பது மைலுக்கு உள்ளே ஒரே ஒரு தடவை ஓட வேண்டிய வண்டி, அறுபத்தேழு நாள் ஏற்கெனவே போய்விட்டது என்றேன். மேஸ்திரியும் சொன்னார்: வண்டியின் அடிச்சட்டமான சேஸ் கம்பி பின் அச்சுக்கு அப்பால் இரண்டு அடி தொங்கும், ஒட்டுப் போட முடியும், ஆனால் எதற்கு. மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் வண்டியின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நஷ்டம்ங்கறாரு மாப்ளே. ஏற்கெனவே ஒடைஞ்சு கெடக்கறா. அவளை நஷ்டத்துல படுக்கவெச்சு அனுப்பச் சொல்றியா?"

முட்டாளுக்கு அன்பும் சேர்ந்துவிட்டால் அவனிடம் யார் என்ன பேசுவது.

ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போனேன். அக்கா கூடத்தில் பலகைக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்குச் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. என் அக்கா ஐந்தாவதுவரை படித்தவள். எங்கள் குடும்பத்தில் இருந்த மொத்தப் புத்தியில் பாதி அவளிடம் இருந்தது. என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பதினாலுன்னு யாருடா சொன்னது?"

"நான்தான். அளந்தேன்."

"உன்னை அளக்கச் சொன்னாங்களா?"

"இல்லை."

"சரி. நாளைக்கு ஓசூருக்குப் போயி, மாமா, நான் டேப்பைத் தப்பாப் புடிச்சுட்டேன், சரியாப் பார்த்தா பதினாறு இருக்குதுன்னு சொல்லு. அந்த ஆசாரி உன் வாயைத்தான் நம்புறான். திரும்ப அளக்கமாட்டான்."

அளவு பதினான்குதானே, எப்படிப் பதினாறு என்று சொல்வது என்றேன்.

"வாயாலதான்" என்றாள். "என் கால் போவுதுடா."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மாலை கொட்டகையில் மாமா இருந்தார், ஆசாரி இருந்தார். பின்சுவரை இன்னும் அறுக்கவில்லை. சாக்கட்டியால் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: கோடு வலது பக்கம் கால் அங்குலம் கோணலாக இருக்கிறது. ஆசாரி கோட்டை அழித்து நேராகப் போட்டார். வகுப்பில் நாற்பத்தாறு பையன்களுக்கு முன் தினமும் சரியான விடையைச் சொல்லிச் சொல்லி, தவறான ஓர் எண் என் நாக்கில் ஏறவில்லை. இதை நேர்மை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நான் மாமாவைவிட எந்த விதத்திலும் உயர்த்தி இல்லை. அவருக்கு ஆசாரி சொன்ன எண், எனக்கு டேப் சொன்ன எண்.

செவ்வாய்க்கிழமை பின்சுவரை அறுத்தார்கள்.

அதன்பின் நடந்ததை முழுதாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு அடிச் சேஸ் கம்பியைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள். அதை ஆணியடித்து ஒட்ட ஆறு நாள். புதிதாக இரண்டு அடி கிடைத்ததும் அதில் என்ன வைப்பது என்று மாமா யோசிக்கத் தொடங்கினார். யோசித்தார் என்றால் செலவிட்டார், நாளைச் செலவிட்டார். அக்காவுக்கு வெந்நீர் வேண்டும் என்று அறுபது காலன் தண்ணீர்த்தொட்டி செய்து கடைசி மூலையில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் தங்கி நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று ஆட்டுக்கல் ஒன்றைத் தரையில் பதித்தார். ஓடுகிற வண்டியில் மாவாட்டுகிறவர்கள் யார் என்று கேட்டேன். நிற்கும்போது ஆட்டலாமே என்றார். தரைக்கு லினோலியம், ஜன்னலுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி, கூரைக்கு மின்விசிறி. மின்விசிறிக்கு இரண்டு பாட்டரி, பாட்டரிக்கு ஒரு பெட்டி, அதுவும் பின்னால்தான். பூஜைக்கு ஒரு மாடம். வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்றும் பேச்சு வந்தது. வண்டி திரும்பத் திரும்ப நான்கு திசையும் பார்க்குமே என்று நான் சொன்னபோது, அதுவும் ஒரு விசேஷம்தான் என்று ஆசாரி தீர்ப்புச் சொன்னார்.

கக்கூஸைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார்கள். மனிதன் குடியிருக்கிற வீட்டுக்குள் அதுவா என்றார் மாமா. ஆசாரி காறித் துப்பினார். எண்பது நாளாகப் படுத்த படுக்கையாக, எல்லாவற்றுக்கும் இரண்டு பெண்கள் தூக்கிவிட வேண்டிய ஒருத்திக்காகத்தான் இந்த வண்டி என்பது அந்தக் கொட்டகையில் ஒருவர் ஞாபகத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். "அதுக்குள்ள எனக்குன்னு இருந்த சாமான் அது ஒண்ணுதான்" என்றாள். பிறகு கண்ணாடி என்ன கலர் என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை மாமா பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டு, அவளுக்கும் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் காலைப் பார்ப்பேன். முழங்காலுக்கு மேலே சதை வற்றிக்கொண்டே வந்தது. தொண்ணூற்றைந்தாம் நாள் பஸ்ஸில் பெங்களூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். வண்டி தயாராகிறது என்றேன். என்ன வண்டி என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நூற்றுப்பதின்மூன்றாம் நாள் வண்டி முடிந்தது. முடிந்தது என்று மாமா ஒப்புக்கொண்டது ஒரு காரணத்தால்தான்: நூற்றுப்பதினைந்தாம் நாள் நல்ல நாள் என்று தேதி பார்த்திருந்தார். மார்கழியில் புதுவீடு புகமாட்டார்களே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவுக்கு அது வீடு இல்லை, வண்டி ஆகிவிட்டது.

வண்டியைப் பேரிகைக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார்கள். வழியில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை. நூற்றுப்பதினைந்தாம் நாள் காலை பசுவைக் கொண்டுவந்தார்கள். புதுவீட்டுக்குள் பசு முதலில் போக வேண்டும். வண்டிக்கு மூன்று படி, இரண்டு அடி அகல வாசல். பசு முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் வைத்து நின்றுகொண்டது. முன்னால் இரண்டு பேர் இழுத்தார்கள், பின்னால் மூன்று பேர் தள்ளினார்கள், ஆசாரி வாலைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் அதனிடம் கெஞ்சினார். அது கன்னடக்காரரிடம் வாங்கிய பசுவாம். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். கடைசியில் கன்றை உள்ளே தூக்கிப் போட்டதும் அது தானாக ஏறியது. லினோலியத்தின் மேல் சாணம் போட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அதைப் பின்பக்கமாக இறக்க இன்னும் ஒரு மணி நேரம். பால் பொங்கியது, கிழக்கேதான் பொங்கியது. வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர், வரிசையாக ஏறி இறங்கினார்கள். அக்கா கூடத்து ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஏற்றிக் காட்ட அன்று யாருக்கும் நேரமில்லை.

மறுநாள் காலை அவளை ஏற்றிப் புறப்படுவது என்று மாமா சொன்னார். அங்கேதான் நான் இந்த விவகாரத்தில் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தேன். தொட்டியில் அறுபது காலன் தண்ணீர் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலனுக்குப் பத்து ராத்தல் எடை. தண்ணீர் மட்டும் அறுநூறு. ஆட்டுக்கல், பாட்டரி, பித்தளைப் பாத்திரம், எல்லாம் பின் அச்சுக்கு அப்பால். ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் பர்மா என்று சொல்லவில்லை. முதலில் அக்கா இல்லாமல் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போம் என்றார். மாமாவுக்குக் கோபம். அக்கா படுக்கையிலிருந்தபடி, "எனக்குப் பதிலா ஒரு மூட்டையை வெச்சு ஓட்டுங்க. மூட்டை திரும்பி வந்தா நான் வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் எடைக்குச் சரியாக ஒரு கேழ்வரகு மூட்டை கட்டி அவளுடைய படுக்கையில் நீட்டிப் படுக்கவைத்தோம். மேஸ்திரி ஓட்டினார், மாமா பக்கத்தில், நான் மூட்டைக்குப் பக்கத்தில். பாகலூர் ரோட்டில் ஒரு மேடு வரும். ஒன்றும் பெரிய மேடு இல்லை, மாட்டு வண்டிக்காரன் இறங்காமல் ஏறுகிற மேடு. பாதி ஏறும்போது முன்பக்கம் மெல்லத் தூக்கியது. மேஸ்திரி ஸ்டீரிங்கைத் திருப்பினார். அது தட்டுச் சுற்றுவதுபோலச் சும்மா சுற்றியது. முன்சக்கரம் தரையில் இல்லை. பிறகு பெரிய சத்தத்தோடு முன்பக்கம் கீழே விழுந்தது, விழுந்த திசையில் வண்டி போனது, ரோட்டோரக் கால்வாயில் இறங்கிச் சாய்ந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் சேஸ் முறிந்து, பின்னால் சேர்த்த இரண்டு அடியும், அதன் இழுப்பில் பழைய மூன்று அடியும் பிய்ந்து தனியாகத் தொங்கின. தண்ணீர் ரோடெல்லாம் ஓடியது. ஆட்டுக்கல் குழவியோடு உருண்டு படுக்கையின் காலை ஒடித்து மூட்டையின் மேல் ஏறி நின்றது. மூட்டை கிழிந்து கேழ்வரகு என் மடியில் கொட்டியது. எனக்கு முழங்கையில் ஓர் இரத்தக்கோடு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மாமா இறங்கிச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, திருஷ்டி என்றார். அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள் அல்லவா.

அன்று நூற்றுப்பதினாறு. மாமா மேஸ்திரியோடு எட்டு நாளில் சரிசெய்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு நடந்து வந்து அக்காவிடம் சொன்னேன். மூட்டை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பிறகு கேட்டாள்:

"பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி பொம்பளைங்க உக்கார்ற நீள பெஞ்சு எத்தனை அடி இருக்கும்?"

ஆறேகால் என்றேன். எழுபதுக்கு மேற்பட்ட தடவை அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த பெஞ்சில் ஏழு பெண்கள் உட்காருவார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தி படுக்கலாம் என்பது தெரியவில்லை.

"நாளன்னிக்குக் காலைல என்னைத் தூக்கி அதுல போடு. அவரைக் கேக்காதே."

நூற்றுப்பதினெட்டாம் நாள் காலை நானும் மேஸ்திரியும் இரண்டு பண்ணையாட்களும் ஒரு கதவுப் பலகையில் அவளைத் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றினோம். பெண்கள் எழுந்து நின்றார்கள். கன்னடம் பேசுகிற ஒரு கிழவி மட்டும் கீழே உட்கார்ந்து, ஓசூர்வரை அக்காவின் வலது காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். ஓசூரில் வேறு பஸ், அதே மாதிரி பெஞ்சு. மாமாவும் வந்தார். கடைசி சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில்வரை நான்கு மணி நேரம் நாற்பது நிமிஷம்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு எப்போதோ இறுகிவிட்டது, இந்த நிலையில் பஸ்ஸில் வந்தாலும் ஒன்றுதான், லாரியில் வந்தாலும் ஒன்றுதான் என்றார். விழுந்து எத்தனை நாள் என்று கேட்டார். நூற்றுப்பதினெட்டு, நீங்கள் சொன்ன கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன். எலும்பு பஞ்சாங்கம் பார்க்காது, அறுபது எழுபது நாளில் வந்திருந்தால் முழுதாக நேராகியிருக்கும், இனி முடிந்ததைச் செய்கிறேன் என்றார். செய்தார். கால் நேராயிற்று. இடது காலைவிட ஒன்றேகால் அங்குலம் குட்டை. அதற்கு ஒரு செருப்பு தைத்துக் கொடுத்தார்கள், வலது அடியில் தக்கை வைத்து.

ஏழு வாரம் கழித்து அக்காவைத் திரும்பக் கூட்டிவந்தேன். அதே பஸ்தான், இந்தத் தடவை உட்கார்ந்து வந்தாள். பேரிகையில் இறங்கியபோது மாமா பூமாலையோடு நின்றார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அவள் கைத்தடியை ஊன்றி இறங்குவதைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாலையைப் போட்ட கையோடு என் பக்கம் திரும்பிவிட்டார்.

"வண்டியை வூட்டுக்கு இழுத்தாந்துட்டோம் மாப்ளே. முறிஞ்ச எடத்துல நறுக்குனா உள்கூடு பதினொண்ணு வருதாம். பதினொண்ணு புத்திர சம்பத்துங்கறாரு ஆசாரி. அம்சமா இருக்கும்."

அக்கா நின்றாள். "ஆசாரி இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்காரு. நம்ம வூட்லதான்."

"எடது காலை ஒண்ணேகால் அங்குலம் நறுக்கிடச் சொல்லுங்க. அதுவும் அம்சமா இருக்கும்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். பெண்டாட்டி பழையபடி ஆகிவிட்டாள் என்று அவருக்குத் திருப்தி. அவள் யாரையும் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தாள். செருப்பின் தக்கை ஒரு காலில் மட்டும் சத்தமிட்டது. நான் இரண்டு அடி பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னாள்:

"எண்ணாதே."

அப்போது முப்பத்தேழு ஆகியிருந்தது. நிறுத்திவிட்டேன்.